மோட்டார்வே ஓட்டத்துக்குப் பழைய டீசல் எஸ்டேட் கார்: இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் வீடு ஒரு ஊரிலும் வேலை இன்னொரு ஊரிலுமாக இருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர். லெஸ்டரிலிருந்து பர்மிங்காமுக்கு, மில்டன் கீன்ஸிலிருந்து லண்டன் ஓரத்துக்கு என்று தினமும் மோட்டார்வேயில் ஓடுகிறார்கள். வார இறுதியில் அதே காரில் குடும்பம், பிராம், அரிசி மூட்டை, கோயில் விசேஷத்துக்கான பாத்திரங்கள் எல்லாம் ஏறும். இவர்கள் கார் மாற்றும் நேரத்தில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே இருக்கின்றன. சட்டம், வரி, கட்டணம் பற்றிச் சொல்வதெல்லாம் பிரிட்டனுக்கு மட்டும்.

எஸ்டேட் கார்னா என்ன அண்ணா? ஹேட்ச்பேக்கை இழுத்து நீட்டினதா?

கிட்டத்தட்ட அப்படித்தான். கூரையைப் பின்பக்கம் வரை நீட்டி, டிக்கியையும் பயணிகள் பகுதியையும் ஒன்றாக்கிய கார். இந்தியாவில் 1990களில் டாடா எஸ்டேட், அப்புறம் மாருதி பலேனோ ஆல்டுரா என்று சில வந்தன, விற்பனை ஓடவில்லை. ஐரோப்பாவில் இது சாதாரணக் குடும்ப வண்டி. மூன்றாம் தலைமுறை ஸ்கோடா சூப்பர்ப் எஸ்டேட்டின் டிக்கி 660 லிட்டர், 2015இல் வந்த ஃபோக்ஸ்வாகன் பஸாட் எஸ்டேட் 650, மூன்றாம் தலைமுறை ஆக்டேவியா எஸ்டேட் 610. பின் இருக்கையை மடிக்காமலே இவ்வளவு இடம்.

எஸ்யூவி வாங்கினால் என்ன என்று அடுத்துக் கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் 70 மைல் வேகத்தில் என்ஜினின் வேலையில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. உயரமான வண்டி அதிகக் காற்றைக் கிழிக்க வேண்டும், அதிக எரிபொருள் குடிக்கும், பக்கக் காற்றில் அதிகம் ஆடும். நீண்ட ஓட்டத்துக்குத் தாழ்வான, நீளமான வண்டிதான் உடம்புக்கும் பர்ஸுக்கும் சுகம்.

எனக்கு உண்மையிலேயே டீசல் தேவையா, பெட்ரோல் போதாதா?

வருடத்துக்கு 12,000 மைலுக்கு மேல் ஓடினால் டீசல் என்று ஒரு பழைய கணக்கு இங்கே சொல்வார்கள். தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் நான் முதலில் கேட்பது மைல் எண்ணிக்கையை அல்ல, ஒவ்வொரு ஓட்டமும் எப்படிப்பட்டது என்பதை. என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு இருபது நிமிடமாவது நிற்காமல் வேகமாக ஓடும் பயணம் வாரத்தில் பல முறை உண்டா? உண்டென்றால் டீசல் உங்களுக்குப் பொருந்தும். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, கடைக்குப் போவது, மாதம் ஒரு முறை மட்டும் மோட்டார்வே என்றால், வருடக் கடைசியில் மைல் எவ்வளவு சேர்ந்தாலும் டீசல் வேண்டாம்.

பணக் கணக்கு: வருடம் 15,000 மைல் ஓடுகிறீர்கள், டீசல் கேலனுக்கு 55 மைல் கொடுக்கிறது, அதே அளவு பெட்ரோல் கார் 40 கொடுக்கிறது என்று வையுங்கள். இங்கிலாந்து கேலன் 4.546 லிட்டர். டீசலுக்குச் சுமார் 1,240 லிட்டர், பெட்ரோலுக்குச் சுமார் 1,705 லிட்டர் வேண்டும். லிட்டர் 1.40 பவுண்டு என்றால் வித்தியாசம் 650 பவுண்டு. டீசல் விலை சில பென்ஸ் கூடுதல் என்பதால் அதில் கொஞ்சம் குறையும். டீசலில் ஒரு பெரிய ரிப்பேர் வந்தால் இரண்டு வருடச் சேமிப்பு போய்விடும். ஆகவே சரியான வண்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் முழுக் கணக்கும் நிற்கிறது.

டி.பி.எஃப். டி.பி.எஃப்.னு எல்லாரும் பயமுறுத்துறாங்க, அது என்னதான் பண்ணும்?

புகைக்குழாய்க்குள் இருக்கும் கரி வடிகட்டி அது. டீசல் எரியும்போது வரும் நுண்ணிய கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தள்ளினால்தான் வடிகட்டி அடைக்காது. மோட்டார்வேயில் போகும்போது புகையின் சூட்டிலேயே கொஞ்சம் எரிந்துவிடும். போதாதபோது காரின் கணினி கூடுதலாக டீசல் தெளித்து வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி எரிக்கும். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். பத்து முதல் இருபது நிமிடம் வரை எடுக்கும், சில நூறு மைலுக்கு ஒரு தடவை நடக்கும்.

பிரச்சினை எங்கே என்றால், இது நடந்துகொண்டிருக்கும்போது நீங்கள் வீடு வந்து என்ஜினை அணைத்துவிடுவது. ஒரு தடவை நடந்தால் ஒன்றுமில்லை. திரும்பத் திரும்ப நடந்தால் கரி ஏறிக்கொண்டே போகும், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கும், ஆயில் நீர்த்துப்போகும், அதனால் டர்போவும் பேரிங்குகளும் தேயும். டி.பி.எஃப். ரிப்பேர் என்று சொல்லப்படும் பல கதைகளின் வேர் இந்த ஆயில்தான். அணைத்த பிறகும் விசிறி பலமாகச் சுற்றுகிறது, நிற்கும்போது என்ஜின் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, சூடான உலோக வாசனை வருகிறது என்றால் ரீஜெனரேஷன் நடுவில் இருக்கிறீர்கள். முடிந்தால் இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கரி எரிந்துவிடும், சாம்பல் எரியாது. என்ஜின் ஆயிலில் இருக்கும் சேர்க்கைப் பொருட்களிலிருந்து வரும் சாம்பல் வருடக்கணக்கில் சேரும். அதனால்தான் இந்தக் கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஒரு லட்சம் மைல் தாண்டிய வண்டியில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டி வரலாம், அது புதிது மாற்றுவதைவிட மலிவு.

அண்ணை, லண்டனுக்குள்ள போனா டீசலுக்குக் காசு கட்ட வேணுமோ?

யூரோ 6 (புகை மாசுக்கான ஐரோப்பிய விதிமுறையின் ஆறாம் கட்டம்) டீசலாக இருந்தால் யூலெஸ், அதாவது லண்டனின் மாசுக் கட்டணம், இல்லை. இல்லாவிட்டால் நாளுக்கு 12.50 பவுண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா போரோக்களும் இதற்குள் வந்துவிட்டன, ஹீத்ரோவும் சேர்த்து, ஆக ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவைக் கூட்டிவரப் போனாலும் பொருந்தும். எம்25 சாலையில் மட்டும் சுற்றிப் போனால் கட்டணம் கிடையாது. பர்மிங்காம் நடுப்பகுதியில் 8 பவுண்டு, பிரிஸ்டலில் 9. கிளாஸ்கோ, எடின்பரோ போன்ற ஸ்காட்லாந்து நகரங்களில் கட்டணம் என்பதே இல்லை, பொருந்தாத வண்டி உள்ளே போனால் நேரே அபராதம்.

2015 செப்டம்பர் முதல் பதிவான புதிய கார்கள் எல்லாம் யூரோ 6 ஆக இருக்க வேண்டும் என்பது சட்டம், நம்பர் பிளேட்டில் சொன்னால் 65 முதல். விற்காமல் தேங்கிய சில யூரோ 5 கார்கள் அதற்குப் பிறகும் பதிவாகியிருக்கின்றன, அதேபோல அதற்கு முன்பே யூரோ 6 ஆக வந்தவையும் உண்டு. அதனால் பிளேட்டை நம்பாமல் லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் அந்த வண்டியின் நம்பரையே போட்டுப் பாருங்கள். லண்டன் பக்கமே போகமாட்டேன் என்பவர்களும் யூரோ 6 பார்ப்பது நல்லது, விற்கும்போது வாங்குபவர் பார்ப்பார்.

2030ல டீசல் தடையாமே, இப்ப வாங்கினா வீணா?

தடை புதிய கார் விற்பனைக்கு. ஏற்கெனவே சாலையில் இருக்கும் காரை ஓட்டலாம், வாங்கலாம், விற்கலாம்.

45,000 மைல் ஓடின கார் ஒண்ணு, 1,10,000 மைல் ஓடினது ஒண்ணு, ரெண்டும் ஒரே வயசு. இதுல என்ன யோசனை, குறைஞ்சதுதானே நல்லது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எட்டு வயது கார் 45,000 மைல் என்றால் வருடத்துக்கு ஆறாயிரம்கூட இல்லை. டீசல் காரை அவ்வளவு குறைவாக ஓட்டியவர் எங்கே ஓட்டியிருப்பார்? பெரும்பாலும் ஊருக்குள், குளிர்ந்த என்ஜினோடு, இரண்டு மூன்று மைல் பயணங்கள். மேலே டி.பி.எஃப். பற்றிச் சொன்ன அத்தனை தீமையும் அந்த வண்டிக்கு நடந்திருக்க வாய்ப்பு அதிகம். புகையின் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வும் கரி பிடித்துக் கிடக்கும். கிளட்ச், பிரேக் எல்லாம் ஒரு மைலுக்கு அதிகத் தடவை வேலை செய்திருக்கும்.

1,10,000 மைல் வண்டி பெரும்பாலும் கம்பெனிக் கார். மூன்று நான்கு வருடம் லீஸில், விற்பனைப் பிரதிநிதியோ பொறியாளரோ ஓட்டியது, ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் 100 மைல். அப்படி ஓடும் என்ஜின் சூடாகவே இருக்கும், கிளட்சை மிதிக்க வேலையே இல்லை, வடிகட்டி தானாகச் சுத்தமாகும். சர்வீஸ் தவறாமல் நடந்திருக்கும், ஏனென்றால் லீஸ் ஒப்பந்தம் அதைக் கட்டாயமாக்கும். விலையும் குறைவு. சர்வீஸ் ரசீதுகள் முழுதாக இருந்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அதிக மைல் வண்டி எல்லாம் மோட்டார்வே வண்டி ஆகிவிடாது. டாக்ஸியாக ஓடியதும் இருக்கிறது, ஸ்கோடா ஆக்டேவியாவிலும் சூப்பர்பிலும் குறிப்பாகப் பாருங்கள். பின் இருக்கை, பின் கதவுக் கைப்பிடி, கதவின் கீழ்ச்சட்டம் எல்லாம் தேய்ந்திருந்தால், பழைய உரிமத் தகடு ஒட்டிய தடமோ திருகு ஓட்டையோ இருந்தால், விட்டுவிடுங்கள். அப்புறம், கம்பெனி விற்ற பிறகு கடைசி இரண்டு வருடம் வைத்திருந்தவர் யார், எப்படி ஓட்டினார் என்பதும் முக்கியம். முதல் மூன்று வருடம் 80,000, அடுத்த நான்கு வருடம் மொத்தமே 12,000 என்று இருந்தால், அது நல்ல வண்டியாகப் பிறந்து ஊருக்குள் மாட்டிக்கொண்டது.

அந்த விவரமெல்லாம் நான் எங்க போய்த் தேடுறது?

அரசாங்கத் தளத்தில் எம்.ஓ.டி. (சாலைத் தகுதிச் சோதனை) வரலாறு இலவசம். நம்பர் பிளேட் எண் போதும். முதல் சோதனை மூன்றாம் வருடம், அதன்பின் ஒவ்வொரு வருடமும் (வட அயர்லாந்தில் நான்காம் வருடம்). ஒவ்வொரு சோதனையிலும் எத்தனை மைல், எதில் தோற்றது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்று இருக்கும்.

முதலில் மைல்களை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். நடுவில் குறைந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கலாம். இந்த வருடம் 30,000, அடுத்த வருடம் 4,000 என்றால் ஏன் என்று கேளுங்கள். அடுத்து, கவனிக்கச் சொன்னவை. "டயர் தேய்ந்திருக்கிறது" என்பது சாதாரணம். அதே குறிப்பு அடுத்த வருடமும் அப்படியே இருந்தால், சொன்னதைச் செய்யாத ஆள். டயரின் உள் ஓரம் மட்டும் தேய்வது, பிரேக் குழாய்த் துரு, சஸ்பென்ஷன் புஷ் என்று வருடாவருடம் பட்டியல் நீண்டால், அந்தப் பட்டியலைக் காசாக மாற்றிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

சர்வீஸ் புக்ல ஸ்டாம்ப் எல்லாம் இருக்கு, அது போதும்ல?

ஸ்டாம்ப் யார் வேண்டுமானாலும் குத்தலாம். ரசீது கேளுங்கள். ரசீதில்தான் எந்த ஆயில், எத்தனை லிட்டர், ஃபில்டர் மாற்றினார்களா, பெல்ட் மாற்றினார்களா என்பது இருக்கும். 2015க்குப் பிறகான பல கார்களுக்குப் புத்தகமே கிடையாது, கம்பெனிக் கணினியில் பதிவு இருக்கும், டீலரிடம் அச்சடித்து வாங்கலாம்.

கம்பெனிக் கார்கள் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றும் நீண்ட இடைவெளித் திட்டத்தில் ஓடியவை. வருடம் 20,000 மைல் மோட்டார்வேயில் ஓடும்போது அது பெரிய தவறில்லை, ஆனால் வாங்கிய பிறகு நீங்கள் வருடத்துக்கு ஒரு தடவை அல்லது 10,000 மைலுக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். ஆயில் மாற்றும் செலவு டர்போ செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

சரி, நேரா சொல்லுங்க, எந்தக் கார் வாங்கலாம்?

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது 2016க்குப் பிந்தைய ஸ்கோடா சூப்பர்ப் எஸ்டேட், 2.0 டி.டி.ஐ. (ஃபோக்ஸ்வாகன் குரூப்பின் டீசல் என்ஜின்) 150 குதிரைத் திறன், மேனுவல். இடம், சொகுசு, மைலேஜ், உதிரிபாகம் கிடைப்பது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இந்த விலைக்கு இதை மிஞ்ச எதுவுமில்லை. பஸாட்டும் உள்ளே அதே என்ஜின்தான், கொஞ்சம் விலை கூடுதல். ஆக்டேவியா மலிவு, ஆனால் மோட்டார்வேயில் டயர் சத்தம் கொஞ்சம் அதிகமாக உள்ளே வரும். இருக்கைக்காகவே ஒரு கார் வாங்குவதென்றால் வால்வோ. முதுகுவலிக்காரர்கள் வி60, வி90 இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், முதல் வி60இன் டிக்கி சிறியது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

ஃபோர்டு மாண்டியோ எஸ்டேட் ஓட்டுவதற்கு அருமை, 2022இல் உற்பத்தி நின்றதால் விலை இறங்கியிருக்கிறது. அதில் பெல்ட் விஷயம் ஒன்று உண்டு, கீழே சொல்கிறேன். வாக்ஸ்ஹால் இன்சிக்னியாவின் முதல் தலைமுறை 2.0 டீசலில் ஆயில் உறிஞ்சும் குழாயின் ரப்பர் சீல் சுருங்கி, ஆயில் அழுத்தம் போய் என்ஜினே கெட்டுப்போவது பேர்போன குறை. 2017இல் வந்த இரண்டாம் தலைமுறையைப் பாருங்கள். மாஸ்டா 6 டூரர் 2.2 அழகான வண்டி, ஆனால் ஆயிலில் டீசல் கலப்பதும் உள்ளே கரி படிவதும் அதில் அதிகம் பேசப்படும் குறை. வாங்கப் போகும்போது ஆயில் குச்சியை இழுத்து, மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். டொயோட்டா அவென்சிஸ் என்றதும் ஜப்பான் என்ஜின் என்று நினைப்பார்கள், 2015 முதலான டீசல் அவென்சிஸில் இருப்பது பி.எம்.டபிள்யூ. கொடுத்த என்ஜின்.

பென்ஸ் ஈ கிளாஸ் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் காற்று சஸ்பென்ஷன். எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வண்டி மட்டமாக நிற்கும். வயதாகும்போது அந்தக் காற்றுப் பைகள் கசியும், அதற்கும் சேர்த்து பட்ஜெட் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

ஃபோக்ஸ்வாகன் குரூப்தானே டீசல்ல மோசடி பண்ணினாங்க? அதையே வாங்கச் சொல்றீங்களே?

நியாயமான கேள்வி, ஸ்கோடாவும் அந்தக் குரூப்தான். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளிக்கொண்டுவந்தது அது. சோதனை நடக்கிறது என்று கண்டுபிடித்து அப்போது மட்டும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைத்துக் காட்டும் மென்பொருள். ஐரோப்பாவில் சிக்கியவை ஈஏ189 என்ற என்ஜின் போட்டவை, அவை யூரோ 5. நான் மேலே சொன்ன சூப்பர்பிலும் பஸாட்டிலும் இருப்பது அடுத்து வந்த ஈஏ288. யூலெஸ் காரணமாக யூரோ 6 தேடினாலே பழைய என்ஜின் தானாகப் பட்டியலிலிருந்து போய்விடும். கம்பெனி செய்தது பெரிய தப்பு, மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் வாழும் ஊர்க் காற்றில் செய்த தப்பு, அதை மன்னிக்க முடியாது என்று வேறு கம்பெனிக்குப் போனால் அதையும் மதிக்கிறேன். வால்வோ இருக்கிறது.

பி.எம்.டபிள்யூ. 320டி டூரிங் ஒண்ணு நல்ல விலைக்கு வருது. செயின் அறுந்துரும்னு பயமுறுத்துறாங்க, நிஜமா?

நிஜம், ஆனால் எந்த வருட வண்டி என்பதைப் பொறுத்தது. 2007 முதல் வந்த என்47 என்ஜினில் டைமிங் செயின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி) கியர்பாக்ஸ் பக்கம், என்ஜினுக்குப் பின்னால் இருக்கிறது. செயின் தளர்ந்தால் மாற்றுவதற்கு என்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும், கூலியே மலைக்க வைக்கும். அதற்குப் பதிலாக வந்த பி47 என்ஜின் 2015 நடுவில் முகம் மாற்றிய 320டியில் வந்தது. செயின் இதிலும் பின்னால்தான், ஆனால் பழையதைப் போல அறுவதில்லை. ஆகவே 2015 கடைசி அல்லது அதற்குப் பிந்தையதை மட்டும் பாருங்கள். டிக்கி 495 லிட்டர்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று, ஈ.ஜி.ஆர். கூலரில் கசிவு ஏற்பட்டுத் தீப்பிடிக்கும் அபாயம் என்று 2018இல் பி.எம்.டபிள்யூ. டீசல்களைப் பெருமளவில் திரும்ப அழைத்தார்கள். அந்த வேலை முடிந்ததா என்று வண்டி நம்பரை வைத்துச் சரிபார்க்கலாம். முடியவில்லை என்றால் டீலர் இலவசமாகச் செய்து தர வேண்டும்.

பெல்ட்டா செயினா, எது நல்லது? வெட் பெல்ட்னு வேற ஒண்ணு சொல்றாங்க.

டைமிங் செயின் செய்யும் அதே வேலையைச் சில என்ஜின்களில் பெல்ட் செய்கிறது. செயின் என்றால் ஆயுள் முழுக்க, பெல்ட் என்றால் தொல்லை என்று நினைக்க வேண்டாம், மேலே பார்த்தீர்களே. ஃபோக்ஸ்வாகன் 2.0 டீசலில் பெல்ட்தான், வால்வோவிலும் பெல்ட்தான். மைல், வருடம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றினால் நிம்மதி. மாற்றும்போது தண்ணீர் பம்பையும் சேர்த்து மாற்றுங்கள். விற்பவர் "இன்னும் மாற்றும் நேரம் வரவில்லை" என்றால் கையேட்டில் அந்த வருடத்துக்கான அளவைப் பாருங்கள். ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்து விலையைக் குறைக்கக் கேளுங்கள்.

வெட் பெல்ட் என்பது என்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட். பிந்தைய மாண்டியோக்களில் வந்த 2.0 ஈக்கோபுளூ டீசலில் இது உண்டு. முந்தைய 2.0 டி.டி.சி.ஐ.யில் சாதாரண உலர் பெல்ட். ஆயில் தவறாக இருந்தாலோ டீசல் கலந்து நீர்த்தாலோ பெல்ட் சிதைந்து, அந்தத் துகள்கள் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். மாண்டியோ பிடித்திருந்தால் பழைய என்ஜின் உள்ளதைத் தேடுங்கள். பெஜோ, சிட்ரோயன் 1.5 புளூஎச்டிஐயில் வேறு வகை, இரண்டு கேம்ஷாஃப்டுகளை இணைக்கும் மெல்லிய செயின் அறுந்த வழக்குகள் நிறைய, பின்னால் தடித்த செயின் போட்டார்கள்.

ஆட்டோமேட்டிக் வாங்கலாமா? டி.எஸ்.ஜி. வேண்டாம்னு மாமா சொல்றார்.

மாமா சொல்வதில் பாதி சரி. டி.எஸ்.ஜி. என்பது ஃபோக்ஸ்வாகன் குரூப்பின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், அதில் வகைகள் உண்டு. 1.6 டீசலோடு வரும் ஏழு கியர் வகையில் கிளட்ச் உலர்ந்தது, அதில்தான் புகார்கள் அதிகம். 2.0 டீசலோடு வருவது ஆயிலில் நனையும் கிளட்ச், அது உறுதியானது, அதன் ஆறு கியர் வகையில் 40,000 மைலுக்கு ஒரு தடவை ஆயிலை மாற்றியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அப்படிப்பட்ட 1 லட்சம் மைல் வண்டியில் இரண்டு தடவை மாற்றியதற்கு ரசீது இருக்க வேண்டும். பி.எம்.டபிள்யூ.வின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் மிக நல்லது. ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனி சொல்கிறது, கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமே மாற்றச் சொல்கிறது. நான் செய்தவர் பேச்சைக் கேட்பேன்.

மேனுவலில் பார்க்க வேண்டியது டூயல் மாஸ் ஃப்ளைவீல், என்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் அதிர்வைக் குறைக்கும் கனமான சக்கரம். நிற்கும்போது கிளட்சை மிதித்தாலும் விட்டாலும் சத்தம் மாறிக் கடகடக்கிறதா, அணைக்கும்போது வண்டி உதறுகிறதா என்று கவனியுங்கள். மாற்றும்போது கிளட்சோடு சேர்த்தே மாற்றுவார்கள், ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம்.

ஆட்புளூன்னு ஒண்ணு ஊத்தணுமாம், மறந்துட்டா என்ன ஆகும்?

யூரியா கலந்த நீர் அது, 32.5 சதவீதம் யூரியா. புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை மாற்றுவதற்கு. தீர்வதற்குப் பல நூறு மைல் முன்பே எச்சரிக்கை வந்து, எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும். பூஜ்ஜியம் ஆன பிறகு அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, சட்டப்படியே அப்படி வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் பங்க்கில் பம்பிலேயே கிடைக்கும், கேன் வாங்குவதைவிட மலிவு. தப்பித்தவறியும் டீசல் டேங்கில் ஊற்றிவிடாதீர்கள், ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் அப்படியே விட்டுவிட்டு ரெக்கவரியைக் கூப்பிடுங்கள். பழைய கார்களில் ஆட்புளூ டேங்க்கின் பம்ப், ஹீட்டர் கெடுவது உண்டு, பெஜோ குடும்பத்தில் இது அதிகம் கேள்விப்படுவது.

ஓட்டிப் பார்க்கும்போது எதைப் பார்க்கணும்? எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது.

தெரிய வேண்டாம், காது போதும். போவதற்கு முன் போன் செய்து "வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தமில்லை, ஆனால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். குளிர்ந்த என்ஜின் உடனே பிடிக்க வேண்டும். பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். டி.பி.எஃப். ஒழுங்காக வேலை செய்யும் காரில் கறுப்பு, நீலப் புகை எதுவும் வரக் கூடாது.

அப்புறம் கட்டாயம் மோட்டார்வேக்குக் கொண்டு போங்கள். தெருவைச் சுற்றி வருவதில் ஒன்றும் தெரியாது. ஆறாவது கியரில் 1,500 சுற்றில் முழுதாக மிதியுங்கள். என்ஜின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தீர்ந்துவிட்டது. 70 மைலில் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேளுங்கள். வேகத்தோடு ஏறும் ஹூம் என்ற ரீங்காரம், வளைவில் மாறினால் வீல் பேரிங். ஸ்டியரிங் நடுங்கினால் சக்கர பேலன்ஸ், பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். ஒரே நல்ல கம்பெனியின் நான்கு டயர்கள் இருந்தால் கவனமான ஆள் வைத்திருந்த வண்டி என்று நான் எடுத்துக்கொள்வேன்.

போனோடு இணைந்து காரின் கணினியைப் படிக்கும் மலிவான ஓ.பி.டி. கருவி ஒன்றும், காருக்கு ஏற்ற செயலியும் இருந்தால், வடிகட்டியில் கரி எவ்வளவு, கடைசி ரீஜெனரேஷன் எத்தனை மைலுக்கு முன் என்றுகூடப் பல கார்களில் தெரியும். கடைசி ஐந்தாறு ரீஜெனரேஷனும் பாதியில் நின்றவை என்று காட்டினால் திரும்பி வாருங்கள்.

டீலர்கிட்ட வாங்கலாமா, தனியாள்கிட்டயா? டீலர் ஆயிரம் கூட சொல்றான்.

டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம். பெரிய குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் வந்த குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும், இல்லை என்று நிரூபிப்பது டீலர் பொறுப்பு. "இருக்கிறபடி விற்கிறேன்" என்று ரசீதில் எழுதினாலும் இந்த உரிமை போகாது. டீசலின் பெரிய ரிப்பேர் ஒன்றின் விலையை நினைத்தால் அந்த ஆயிரம் அதிகமில்லை. ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டினால் கூடுதல் பாதுகாப்பு.

தனியாளிடம் வாங்கும்போது சொன்னபடி இருக்கிறதா என்பது மட்டுமே உங்கள் பிடி, ஆகவே விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். லாக் புக்கில் (வண்டியின் பதிவுப் பத்திரத்தில்) பெயர் இருப்பது உரிமையாளர் என்பதற்கு ஆதாரம் அல்ல, அந்தப் புத்தகத்திலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. கடன் பாக்கி இருக்கிறதா என்று காசு கொடுத்துச் சரிபாருங்கள். வரியும் வண்டியோடு வராது, ஓட்டிக்கொண்டு கிளம்புமுன் உங்கள் பெயரில் கட்ட வேண்டும்.

டி.பி.எஃப்.ஐயே கழட்டிட்டாங்களாம், இனிப் பிரச்சினையே வராதுன்னு சொல்றார். வாங்கலாமா?

வேண்டாம். 2014 பிப்ரவரியிலிருந்து, வடிகட்டியோடு வந்த காரில் அது இல்லை என்றால் எம்.ஓ.டி. தோல்வி. 2018 மே முதல் அந்தக் கார்களில் கண்ணுக்குப் புகை தெரிந்தாலே பெரிய குறை. வெளியே கூடு அப்படியே இருக்க, உள்ளே குடைந்து எடுத்த வண்டிகளும் உண்டு. புகைக்குழாய் முனையை வெள்ளைத் துணியால் உள்பக்கம் துடைத்துப் பாருங்கள், ஒழுங்கான யூரோ 6 டீசலில் துணி கறுக்காது. இன்ஷூரன்ஸுக்கும் அது சொல்லாமல் செய்த மாற்றம். நம் பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தான் மூச்சில் இழுக்கிறார்கள்.

ஒரே மாடல், ஒரே என்ஜின், ஆனா ஒண்ணுக்கு ரோட் டாக்ஸ் 20 பவுண்டு, இன்னொண்ணுக்கு 195. ஏன்?

2017 ஏப்ரல் 1தான் கோடு. அதற்கு முன் பதிவானவற்றுக்கு கார்பன் டை ஆக்சைடு அளவை வைத்து வரி. 110 கிராம் வரை 20 பவுண்டு, முன்பு 100 கிராம் வரை வரியே இல்லாமல் இருந்தது, 2025 ஏப்ரலில் அதுவும் 20 ஆனது. அந்தத் தேதிக்குப் பின் பதிவானவற்றுக்கு ஒரே வரி, 2025 ஏப்ரல் கணக்கில் 195. புதிதாக இருந்தபோது பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டியிருந்தால் இரண்டாம் வருடம் முதல் ஆறாம் வருடம் வரை கூடுதல் வரி வேறு. வி90, ஈ கிளாஸ் பார்ப்பவர்கள் ஆறு வருடம் முடிந்ததை எடுத்தால் அது இல்லை. 2016 கடைசி, 2017 தொடக்க வண்டி கிடைத்தால் யூரோ 6, குறைந்த வரி இரண்டும் சேர்ந்து வரும், ஆனால் வரிக்காக மோசமான வண்டியை எடுக்காதீர்கள்.

இப்ப தினமும் 80 மைல் ஓடுறேன். ஆனா அடுத்த வருஷம் வேலை வீட்டுப் பக்கத்துலயே மாறலாம். அப்பவும் டீசல் எடுக்கவா?

மாறுவது உறுதி என்றால் எடுக்காதீர்கள். 2019 முதல் வந்த டொயோட்டா கொரோலா டூரிங் ஸ்போர்ட்ஸ் ஹைப்ரிட் எஸ்டேட் ஊருக்குள்ளும் நன்றாகக் கொடுக்கும், மோட்டார்வேயிலும் டீசலுக்கு ரொம்பப் பின்தங்காது, டி.பி.எஃப்., ஆட்புளூ எதுவும் கிடையாது. டிக்கி சூப்பர்ப் அளவு இல்லை, வாங்கும் விலை அதிகம்.

மாறலாம், மாறாமலும் போகலாம் என்ற நிலை என்றால் அதிக மைல் ஓடிய மலிவான டீசலை எடுங்கள், விலை ஏற்கெனவே விழுந்துவிட்டதால் ஒரு வருடம் ஓட்டி விற்றாலும் நஷ்டம் குறைவு. வேலை மாறிய பிறகு வைத்துக்கொள்வதாக இருந்தால் வாரத்துக்கு ஒரு நாள் அரைமணி நேரம் மோட்டார்வேயில் ஓட்டிவிட்டு வாருங்கள், ஆயில் மட்டத்தை மாதம் ஒரு தடவை பாருங்கள். மட்டம் ஏற ஆரம்பித்தால் ஆயிலை மாற்றிவிட்டு, அந்த மாதமே விற்பனைக்குப் போடுங்கள், ஏன் விற்கிறீர்கள் என்று வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லி. அதிக மைல் ஓடும் ஒருவருக்கு அது இன்னும் நல்ல வண்டிதான்.